ஃபாஸ்டெம்: பேச இடம் கிடைக்காதவர் போகலாமா?

கோவையில் வேலை பார்க்கும் ஒருவரின் கேள்வி இது: "இரண்டு வருடமாக லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளுக்குப் பிழைத்திருத்தங்கள் அனுப்பி வருகிறேன். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டில் பேச விண்ணப்பித்தேன், இடம் கிடைக்கவில்லை. பார்வையாளராகப் போவதில் ஏதாவது பலன் உண்டா? விசா தருவார்களா? கையைக் கடிக்காமல் போய் வர முடியுமா? என் ஆங்கிலம் சுமார்தான். எல்லாப் பேச்சும் வீடியோவாக வந்துவிடுகிறதே, வீட்டிலேயே பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பேச்சு கேட்பதற்காக மட்டும் என்றால் போகாதீர்கள். எல்லா அறைகளும் நேரலையாக ஒளிபரப்பாகின்றன, பதிவுகளும் சில நாளில் வந்துவிடும். நேரில் போனவர்களுக்குத்தான் திண்டாட்டம். யூ.எல்.பி. பல்கலைக்கழகத்தின் சோல்போஷ் வளாகத்து வகுப்பறைகளே மாநாட்டு அரங்குகள். ஜான்சன் என்ற பெரிய அரங்கில் சுமார் 1,400 பேர் உட்காரலாம். மற்றவை பெரும்பாலும் சின்ன அறைகள். நாற்காலிகள் நிரம்பியதும் தொண்டர் ஒருவர் கதவில் 'இடமில்லை' என்ற தாளை மாட்டிவிடுவார். படிக்கட்டில் உட்காரவோ சுவரோரம் நிற்கவோ விடமாட்டார்கள். தீ விபத்து விதி, கெஞ்சிப் பயனில்லை. கூட்டம் அதிகம் சேரும் அறைகளுக்கு வெளியே வரிசையில் நின்றபடி, உள்ளே நடக்கும் பேச்சைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பவர்களைக் காணலாம். அதைக் கோவையிலேயே செய்துகொள்ளலாம், குளிராவது மிச்சம்.

ஆனால் உங்கள் விஷயம் வேறு. நீங்கள் இரண்டு வருடமாக வேலை செய்து அனுப்பியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், இந்த மாதிரி மாநாட்டுக்கு முதலில் போக வேண்டியது உங்கள் பேட்ச், அதாவது நீங்கள் எழுதி அனுப்பிய திருத்தம். அது போய்ச் சேர்ந்து, அதைப் பார்த்தவர் நாலு பேர் இருந்தால், பின்னால் நீங்கள் போவதில் முழு அர்த்தம் உண்டு. பேச மேடை கிடைத்ததா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். திருத்தங்களைச் சரிபார்க்கும் தளமான கெரிட்டில் உங்கள் பேட்சைச் சரிபார்த்தவர்கள், பிழைகளைப் பதியும் தளமான பக்சில்லாவில் உங்கள் புகாருக்குப் பதில் எழுதியவர்கள் என்று உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். பயனர்பெயரைச் சொன்னதுமே "ஓ, நீங்களா" என்று கேட்கக்கூடியவர் ஐந்து பேர் தேறினால் டிக்கெட் போடலாம். ஒருவரும் தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் வேலை செய்துவிட்டுப் போங்கள், மாநாடு எங்கேயும் ஓடிவிடாது. 2000-இல் ஓஸ்டெம் என்ற பெயரில் தொடங்கிய முயற்சி, கால் நூற்றாண்டைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது. 2021, 2022 இரண்டு வருடமும் கொரோனாவால் இணையவழியில் நடந்தது. மற்றபடி ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி முதல் வார சனி, ஞாயிறு என்றால் பிரஸ்ஸல்ஸ்தான்.

நேரில் போனால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் லிப்ரெஆபிஸ் திட்டத்தை ஒட்டியே ஒரு காட்சி சொல்கிறேன். தமிழ்க் கோப்பை பி.டி.எஃப். ஆக்கி, அதிலிருந்து எழுத்தைக் காப்பி செய்து வேறொரு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். பல மென்பொருள்களில் 'கொ' என்பது சிதறி, ஒற்றைக் கொம்பு முன்னால் தனியாகவும் 'கா' பின்னால் தனியாகவும் வந்து விழும். கண்ணுக்குத் தெரியும் வரிசை ஒன்று, யூனிகோடில் சேமிக்கும் வரிசை இன்னொன்று என்பதால் வரும் வினை. இதைப் புகாராக எழுதினால், தமிழ் தெரியாத நிரலாளர் திரையில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக் கடந்து போய்விடுவார். நானே இதைப் பார்த்திருக்கிறேன்: வளாகத்தின் கே கட்டடத்தில் ஒரு மென்பொருள் திட்டத்தின் மேசை முன்னால் நம் பக்கத்துப் பையன் ஒருவன் மடிக்கணினியைத் திறந்து, நிரலாளரின் கண்முன்னே காப்பி செய்து ஒட்டிக் காட்டினான். அவர் 'கொ' மேல் கர்சரை வைத்து அம்புக்குறியை இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்தார். "தேடினாலும் கிடைக்காதா?" என்று கேட்டார். "கிடைக்காது, அரசாணையை பி.டி.எஃப்.பில் போட்டால் அதில் ஒரு பெயரைக்கூடத் தேட முடியாது" என்றான் இவன். அவர் உடனே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கம் பக்கமாக எழுதினாலும் புரியாத விஷயம், ஒரு அம்புக்குறித் தட்டலில் புரிந்தது.

ஆகவே போகும்போது கைவசம் இப்படி இரண்டு மூன்று கோப்புகள் வைத்திருங்கள். இணையம் இல்லாமலும் திறக்கும்படி இருக்கட்டும். அங்கே வைஃபை உண்டு, ஆனால் முதன்மையான வலையமைப்பு ஐ.பி.வி6 என்ற புதிய இணைய முகவரி முறையை மட்டுமே கொண்டது, பழைய செயலி சிலது அதில் முரண்டு பிடிக்கும். அதற்கென்றே பழைய முறையையும் ஏற்கும் இன்னொரு வலையமைப்பும் வைத்திருக்கிறார்கள்.

சரி, விசா. இங்கேதான் ஃபாஸ்டெமுக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த மாநாட்டுக்குக் கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, கழுத்தில் மாட்டும் அட்டையும் கிடையாது. நேராக உள்ளே நடக்கலாம். எட்டாயிரம் பேருக்கு மேல் வருவதாகக் கணிக்கிறார்கள், பதிவே இல்லாததால் சரியான கணக்கு யாரிடமும் இல்லை. கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் விசா அதிகாரியிடம் காட்ட உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. "மாநாட்டுக்குப் போகிறேன்" என்கிறீர்கள், "பதிவுச் சான்று எங்கே" என்றால் விழிக்க வேண்டியதுதான். பேச்சாளருக்கு நிகழ்ச்சி நிரலில் பெயர் இருக்கும், உங்களுக்கு அதுவும் இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. ஃபாஸ்டெமைச் சுற்றி அந்த வாரத்தில் பக்கவாட்டு நிகழ்ச்சிகள் நிறைய நடக்கும். வெள்ளிக்கிழமை போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஆட்களின் பி.ஜி.டே, மாநாடு முடிந்த திங்கள் முதல் கெண்ட் நகரில் சர்வர்களை நிர்வகிப்பவர்களின் கான்ஃபிக் மேனேஜ்மென்ட் கேம்ப் என்று. இவற்றுக்குப் பதிவு உண்டு. உங்கள் வேலைக்குப் பொருந்தும் ஒன்றில் பதிந்தால் கையில் ஒரு தாள் கிடைக்கும். அதைவிடக் கனமான தாள், உங்கள் திட்டத்தின் பின்னால் இருக்கும் அமைப்பு தருவது. லிப்ரெஆபிஸ் என்றால் பெர்லினில் இருக்கும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன். "இவர் இத்தனை காலமாகப் பங்களிக்கிறார், இந்தத் தேதிகளில் எங்கள் ஆட்களைச் சந்திக்கிறார்" என்று ஒரு கடிதம் கிடைக்குமா என்று மரியாதையாகக் கேளுங்கள். உங்கள் பேட்சுகளின் பட்டியலையும் ஒரு பக்கத்தில் அச்செடுத்து இணையுங்கள்.

மற்றதெல்லாம் எந்த ஷெங்கன் விசாவுக்கும், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாவுக்கும், உள்ளதுதான். விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் விண்ணப்பித்துக் கைரேகை கொடுக்க வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், தங்குமிடப் பதிவு, போகவர விமானப் பதிவு. இதில் பலரும் அசட்டையாக விடுவது அலுவலகக் கடிதத்தை. நிராகரிக்கும்போது அவர்கள் டிக் அடிக்கும் காரணங்களில் முக்கியமான இரண்டு, பயண நோக்கம் தெளிவாக இல்லை என்பதும் திரும்பிப் போவாரா என்ற சந்தேகமும்தான். "இன்ன தேதிக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறார்" என்ற ஒரு வரி இரண்டாவதுக்கு நல்ல மருந்து. விசா கைக்கு வரும்வரை திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை வாங்க வேண்டாம்.

காலக்கணக்கு முக்கியம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் முடியாது. முடிவு சொல்ல 15 நாள் என்பது பொதுவிதி, சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கலாம். ஃபாஸ்டெம் பேச்சாளர்களுக்கு முடிவு பெரும்பாலும் டிசம்பரில்தான் தெரியும், அதற்குள் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்து நிற்கும். அவர்கள் பாடு படுதிண்டாட்டம். நீங்கள் பேசப் போவதில்லை என்பதில் ஒரே லாபம் இது: யாருடைய முடிவுக்கும் காத்திருக்காமல் அக்டோபரிலேயே விண்ணப்பிக்கலாம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று சுற்றும் எண்ணம் இருந்தால் அதிக நாள் தங்கும் நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸில் மூன்று நாள், பாரிஸில் ஐந்து நாள் என்று திட்டம் போட்டுவிட்டு பெல்ஜியம் விசாவுக்கு விண்ணப்பித்தால் அவர்களே திருப்பி அனுப்புவார்கள். விசாவைச் சரியாகப் பயன்படுத்தித் திரும்பினால் பின்னால் பலன் உண்டு. மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு வருடப் பன்முறை விசா என்று 2024 ஏப்ரலில் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, நுழைவுக் கட்டணம் இல்லை என்பதை வைத்து மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய செலவு விமானமும் படுக்கையும். சென்னையிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா வழியாக மாறிப் போகலாம், அல்லது பிராங்பர்ட்டில் இறங்கி அங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம். மலிவு விமானம் தேடும்போது இறங்கும் இடம் 'பிரஸ்ஸல்ஸ் சவுத் சார்லராய்' என்று இருந்தால் கவனியுங்கள். அது பெயரில் மட்டும்தான் பிரஸ்ஸல்ஸ், ஊர் வேறு, நகரத்துக்கு வர ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். திரும்பும் நாளைக்கும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். பெல்ஜியத்தில் வேலைநிறுத்தம் என்றால் நிஜமாகவே வேலைநிறுத்தம், 2025-இல் பொது வேலைநிறுத்த நாட்களில் பிரஸ்ஸல்ஸிலிருந்து புறப்பட வேண்டிய விமானங்கள் ரத்தாகியிருக்கின்றன.

பயண உதவி கிடைக்குமா என்றால், ஃபாஸ்டெமிடம் எதிர்பார்க்காதீர்கள், சிறு அறைகளில் பேசுபவர்களே பெரும்பாலும் சொந்தக் காசில்தான் வருகிறார்கள். உதவி இருப்பது திட்டங்களிடம். கே.டி.இ., க்னோம், ஓப்பன்சூசே போன்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் தங்கள் பங்களிப்பாளர்களுக்குப் பயணச் செலவில் உதவி செய்கின்றன. உங்கள் திட்டத்தில் அப்படி வழியுண்டா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். ஆனால் இந்த உதவி பெரும்பாலும் போய் வந்த பிறகு ரசீது காட்டி வாங்குவது. அதுவரை உங்கள் கையிலிருந்துதான் போட வேண்டும், இதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கைக்காசும் இல்லை என்றால் நான் ஃபாஸ்டெமைச் சொல்லமாட்டேன், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்குபவர்களின் டெப்கான்ஃப் மாநாட்டைச் சொல்வேன். 2000-இல் பிரான்சின் போர்தோவில் தொடங்கியது, வருடத்துக்கு ஒரு நாடு மாறும். 2023-இல் கொச்சியில் நடந்தது, 2024-இல் கொரியாவின் பூசான், 2025-இல் பிரான்சின் பிரெஸ்ட். சாப்பாடு, தங்குமிடம், பயணம் மூன்றுக்கும் உதவி கேட்டு விண்ணப்பிக்க முறையான ஏற்பாடு உண்டு. வருபவர்கள் சில நூறு பேர்தான். ஒரு வாரம் ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே பந்தியில் சாப்பிடுவதால் மூன்றாம் நாள் யாரும் அந்நியராக இருக்கமாட்டார்கள். ஃபாஸ்டெம் அதற்கு நேர்மாறு, தேர்த்திருவிழாக் கூட்டம். தெரிந்தவரைத் தேடிப் பிடிக்காவிட்டால் ரெண்டு நாளும் ஆள்வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். நீங்கள் டெபியனில் எதுவும் செய்யாதவர் என்பதால் உங்களுக்கு ஃபாஸ்டெம்தான் பொருத்தம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

போய் இறங்கிய பிறகு. குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டியும் இருக்கலாம், எட்டு டிகிரியும் இருக்கலாம், தூறல் மட்டும் அநேகமாக உறுதி. கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே நடந்துதான் போக வேண்டும், எனவே ஸ்வெட்டரைவிட நனையாத மேல்கோட்டும் நல்ல காலணியும் முக்கியம். விமான நிலையத்திலிருந்து மத்திய நிலையத்துக்கு ரயில் இருபது நிமிடம். மத்திய நிலையத்தருகே 71-ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் வளாகம். சனிக்கிழமை காலை அதில் ஏறினால் லினக்ஸ் சின்னமான பென்குவின் ஒட்டிய மடிக்கணினிப் பைகளுக்கு நடுவே நிற்க வேண்டியிருக்கும், வழி தவற வாய்ப்பில்லை. பெரிய ரயில் நிலையங்களில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய எல்லையில் 2025 அக்டோபர் முதல் முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள், வரிசை நீளலாம், அடுத்த விமானத்துக்கோ ரயிலுக்கோ நேரம் விட்டு வையுங்கள்.

சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. வளாகத்தில் சாப்பாட்டு வண்டிகள் நிற்கும், உருளைக்கிழங்கு வறுவல் கண்ணை இழுக்கும். பெல்ஜியத்தில் அதை மரபாக மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அட்டை கிடையாது என்று சொன்னேன் அல்லவா, அதன் இன்னொரு விளைவு இது: எதிரே வருபவர் உங்கள் பேட்சைச் சரிபார்த்தவராகவே இருந்தாலும் இருவருக்கும் தெரியாது. ஒரு ஸ்டிக்கரில் உங்கள் பயனர்பெயரைப் பெரிதாக எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். உங்கள் முழுப்பெயர் அங்கே யாருக்கும் எதுவும் சொல்லாது, கெரிட்டில் வரும் பெயர்தான் சொல்லும். கிளம்புவதற்கு முன்பே அந்த ஐந்து பேருக்கும் தனித்தனியே எழுதி, "சனிக்கிழமை மதியம் உங்கள் மேசைக்கு வருகிறேன், இந்தப் பிழையைக் காட்ட வேண்டும்" என்று நேரம் குறித்துவிடுங்கள். அந்த வாரக்கடைசியில் திட்டத்தார் எங்காவது சேர்ந்து சாப்பிடுவார்கள், அதில் உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளி இரவு நகர நடுவில் டெலிரியம் என்ற கடையில் பீர் சந்திப்பு நடப்பது வழக்கம். குடிக்காதவரும் போகலாம், ஆனால் நெரிசலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. புதியவருக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நிகழ்ச்சி நிரலில் இரண்டு நாளில் ஆயிரத்தை ஒட்டிய பேச்சுகள் இருக்கும். மாநாட்டுக்கான கைபேசிச் செயலியில் நட்சத்திரம் குத்திக் குத்தி இருபது பேச்சைக் குறித்துவைத்து, ஹெச் கட்டடத்துக்கும் யூ கட்டடத்துக்கும் மூச்சிரைக்க ஓடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் பாதிக் கதவில் 'இடமில்லை' தாள்தான். உங்கள் துறைக்கான அறை ஒன்றைத் தேர்ந்து, காலையிலேயே போய் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிடுங்கள். அங்கேயே இருந்தால் அந்த அறையின் ஆட்கள் யார் யார், யாருடைய கேள்விக்கு யார் திரும்பிப் பார்க்கிறார்கள், எதில் சண்டை என்பது மாலைக்குள் பிடிபடும். அது வீடியோவில் வராது, கேமரா பேசுபவர் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

இது கம்பெனிகள் நடத்தும் மாநாடு அல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் பெயர் 2025 நிகழ்ச்சி நிரலில் வந்தபோது, பெரும்பணக்காரருக்கு இங்கே மேடை எதற்கு என்று ஒரு நிரலாளர் மறியலுக்கு அழைப்பு விடுத்தார். டோர்சி மேடை ஏறவில்லை. எனவே எந்தக் கம்பெனியில் வேலை, என்ன பதவி என்று ஆரம்பிக்காதீர்கள், என்ன எழுதினீர்கள் என்று ஆரம்பியுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது தாய்மொழி அல்ல, ஜெர்மன்காரரும் செக் நாட்டுக்காரரும் யோசித்து யோசித்துத்தான் பேசுவார்கள். நம் ஆட்களின் சிக்கல் இலக்கணம் அல்ல, வேகம். மெதுவாகப் பேசுங்கள், திரையைக் காட்டிப் பேசுங்கள். கூச்சம் அதிகம் என்றால் தொண்டராகப் பெயர் கொடுத்துவிடுங்கள். கதவருகே நின்று ஆட்களை எண்ணி விடுவது, பேச்சாளரை அறிமுகம் செய்து நேரம் காட்டுவது, ஞாயிறு மாலை நாற்காலிகளை ஒழுங்கு செய்வது என்று வேலை இருக்கும். கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

திரும்பி வந்த வாரமே நீங்கள் காட்டிய ஒவ்வொரு பிழைக்கும் பக்சில்லாவில் போய், "இன்னாருடன் நேரில் பேசினோம், இப்படிச் செய்யலாம் என்று முடிவானது" என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். அவர்கள் அந்த இரண்டு நாளில் நூறு பேரிடம் பேசியிருப்பார்கள், ஊர் போய்ச் சேர்ந்ததும் ஜலதோஷம் வேறு பிடித்துக்கொள்ளும், மறந்துவிடுவார்கள். அப்புறம், திட்டம் பயணச் செலவைத் தருவதாகச் சொல்லியிருந்தால் போர்டிங் பாஸ், ரயில் டிக்கெட், விடுதி ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். அன்றன்றைக்கே படம் எடுத்து வைத்து, அவர்கள் சொன்ன கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.